வலையமைப்புச் சேவையும் பைத்தான் நிரலும்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

முன்னுரை

ஏட்டிற் கையால் எழுதிய நாளில், எழுதுவோன் செய்த பிழை அவ்வேட்டோடும், அதனைப் பார்த்தெழுதிய சில ஏடுகளோடும் நின்றது. அச்சுப்பொறி தோன்றிய பின்னரோ, எழுத்துக் கோப்போன் செய்யும் ஒரு பிழை ஆயிரம் படிகளிலும் ஒருங்கே ஏறி, ஆயிரம் இல்லங்கட்குச் சென்று சேர்வதாயிற்று. ஆயினும் அது கருதி அச்சுப்பொறியை வெறுத்தொதுக்கினார் எவருமிலர். அச்சேறுமுன் ஒரு படி எடுத்துப் பார்த்துத் திருத்தும் வழக்கத்தையே அறிஞர் மேற்கொண்டனர். நம் கல்லூரி மலரின் அச்சுப்படிகளைத் திருத்துவாருள் யானும் ஒருவனாதலின், அவ்வழக்கத்தின் அருமையை நன்கறிவேன்.

கணினி வலையமைப்புக்களை ஆளும் கலையிலும் இத்தகைய மாறுதலொன்று நம் காலத்தில் நிகழ்ந்துளது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே கட்டளையெழுதிய கைத்தொழில், ஒருமுறை எழுதிப் பல கருவிகளிற் பதிக்கும் அச்சுத்தொழில் போலாகியுள்ளது. அத்தொழிலுக்குப் பெரிதும் பயன்படுவது பைத்தான் என்னும் கணினிமொழி. அம்மொழியின் துணைகொண்டு வலையமைப்புச் சேவைகளைத் தானியக்கமாக நடத்தும் உயர்நிலைப் பயிற்சியின் இயல்பினை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் பயில்வானுக்கு இத்துறையில் என்ன வேலையென்று அன்பர் வினவலாம். விடுதியில் என் அறைக்கு அடுத்த அறையில் உறையும் அண்ணன் ஒருவர் கணினியியலில் முதுகலை பயில்கின்றார். அவர் இப்பயிற்சியினை மேற்கொண்டிருந்தபோது மாலைதோறும் உடனிருந்து கற்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கேட்டதையும், கைப்பட்டுக் கற்றதையுமே ஈண்டு எழுதுகின்றேன்.

சேவை யாது?

முதற்கண் கருவி வேறு, சேவை வேறு என்பதை உணர்தல் வேண்டும். நாற்பது கிளைகளையுடைய வங்கியொன்று, தன் கிளைகளையெல்லாம் பிறர் புகவொண்ணாத தனிவழியால் இணைத்துத் தருமாறு ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் கேட்கின்றது எனக் கொள்வோம். வங்கி கேட்பது ஒன்றே: இணைப்பு. அதனைத் தருதற்கு நிறுவனத்தின் பொறியாளர் செய்ய வேண்டுவனவோ பல. ஒவ்வொரு கிளையின் ரௌட்டரிலும், அதனை எதிர்கொள்ளும் நிறுவனத்து ரௌட்டரிலும் முகவரி குறித்தல் வேண்டும். 1 முதல் 4094 வரையுள்ள வீலான் எண்களுள் வேறெவர்க்கும் வழங்காத ஒன்றைத் தெரிந்து கொடுத்தல் வேண்டும். இவ்வங்கிக்கெனத் தனி வழிப்பட்டியல் வகுத்தல் வேண்டும். வேக வரம்பு கட்டல் வேண்டும். வேண்டாதவற்றைத் தடுக்கும் வடிகட்டி அமைத்தல் வேண்டும். ஒரு கருவிக்கு இருபது வரி என்று கொள்ளினும், கிளைக்கு இரு கருவியாக, நாற்பது கிளைக்கு 1,600 வரிகளாகின்றன.

இவ்வரிகளின் தொகுதியே கருவியின் அமைவு எனப்படும். வாடிக்கையாளர் விலைகொடுத்து வாங்குவது இவ்வரிகளையன்று. அவற்றால் விளையும் சேவையையே. ஆயின் நெடுங்காலம் பொறியாளர் கண்முன் நின்றவை வரிகளேயன்றிச் சேவை அன்று. ஏதேனும் ஒரு வரி எந்தச் சேவைக்காக எழுதப்பட்டது என்பது அதனை எழுதியவர் நினைவிலன்றி வேறெங்கும் இராது. அவர் பணி மாறிச் சென்றபின், அவ்வரியை நீக்கலாமா ஆகாதா என்று துணிந்து கூறுவார் எவருமிலர்.

மாற்றம் பிறந்த வரலாறு

இக்குறையை ஆராய்வதற்காக 2002-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ரெஸ்டன் நகரில் ஒரு கூட்டம் நிகழ்ந்தது. இணையத்தின் அமைப்பு நெறிகளை ஆராயும் குழுவினர் கூட்டிய அதில், நெறிமுறை வகுப்போரும், வலையமைப்புக்களை நாடோறும் நடத்துவோரும் ஒருங்கிருந்து உசாவினர். அவர்கள் கண்ட முடிபுகள் 2003-ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 3535 என்னும் எண்ணோடு வெளிவந்தன. 1988-ஆம் ஆண்டு முதல் வழங்கிவந்த எஸ்.என்.எம்.பி. என்னும் முறை கருவிகளின் நிலையைக் கண்காணித்தற்குப் பயன்பட்டதேனும், அமைவை மாற்றுதற்கு அதனைப் பெரும்பாலோர் கையாளவில்லை என்பது அங்கே வெளிப்பட்டது. கருவிகளைத் தனித்தனியே நோக்காது வலையமைப்பு முழுவதையும் ஒன்றாக நோக்கி அமைத்தல் வேண்டும். யாம் விரும்பி எழுதிய அமைவும், கருவி தானே அடைந்த நிலையும் வேறு வேறாக அறியப்படல் வேண்டும். பல கருவிகளில் ஒருங்கே செய்யும் மாற்றம் முற்றும் நிறைவேறல் வேண்டும், அன்றேல் முற்றும் நிகழாதொழிதல் வேண்டும். இவையே ஆண்டு எழுந்த வேண்டுகோள்களுள் தலையாயவை.

அவ்வேண்டுகோள்களின் பயனாக, கருவியோடு உரையாடும் நெட்கான்ஃப் என்னும் முறை 2006-ஆம் ஆண்டிலும், அமைவின் இலக்கணத்தை எழுதுதற்குரிய யாங் என்னும் மொழி 2010-ஆம் ஆண்டிலும் வகுக்கப்பட்டன. இவற்றை அடிப்படையாகக் கொண்டு சுவீடன் நாட்டு நிறுவனமாகிய டெயில்-எஃப் ஒரு மென்பொருளை ஆக்கிற்று. 2014-ஆம் ஆண்டில் சிஸ்கோ நிறுவனம் டெயில்-எஃபை விலைக்கு வாங்கிய பின், அம்மென்பொருள் என்.எஸ்.ஓ. என்னும் பெயரால் வழங்கலாயிற்று. யான் கண்ட பயிற்சி இம்மென்பொருளைப் பற்றியதே.

பைத்தானின் இடம்

பைத்தான் மொழியை நெதர்லாந்து நாட்டினராகிய குய்டோ வான் ராசம் 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பெயர் மலைப்பாம்பைக் குறித்ததன்று. அவர் விரும்பிய ஆங்கில நகைச்சுவை நிகழ்ச்சியொன்றின் பெயரிலிருந்து கொண்டது. படித்த அளவிற் பொருள் விளங்குமாறு எழுதத்தக்க எளிமை அதற்குண்டு. ஆதலின் நிரல் எழுதுதலையே தொழிலாகக் கொள்ளாத வலையமைப்புப் பொறியாளரும் அதனை விரும்பிக் கற்றனர்.

தொடக்கநிலைப் பயிற்சியிற் கற்பது யாதெனின், மனிதன் தட்டெழுதும் கட்டளைகளை அவனுக்காகப் பைத்தான் நிரல் தட்டெழுதுமாறு செய்தலாம். நெட்மிகோ முதலிய துணைநூல்கள் இதற்கு உதவுகின்றன. நாற்பது கருவிகளின் பெயர்ப்பட்டியலைக் கொடுத்தால், நிரல் ஒவ்வொன்றிலும் புகுந்து இருபது வரிகளையும் எழுதி மீளும். ஒரு நாள் வேலை சில நிமிடங்களில் முடியும்.

ஆனால் இஃது விரைவேயன்றி அறிவன்று. இருபத்து மூன்றாம் கருவி இடையில் மறுமொழி கூறாதொழிந்தால், இருபத்திரண்டு கருவிகள் புதிய நிலையிலும் ஏனைய பழைய நிலையிலும் நிற்கும். வங்கி ஒரு கிளையை மூடினால், நீக்குதற்கென வேறொரு நிரல் எழுத நேரும். வேகத்தை மாற்ற மூன்றாவதொரு நிரல் வேண்டும். நாளடைவில் இந்நிரல்கள் ஒன்றோடொன்று முரணும். விரைந்து எழுதும் எழுத்தாளன் ஒருவனைப் பெற்றோமேயன்றி, அச்சுப்பொறியும் அச்சுப்படியும் நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

உயர்நிலைப் பயிற்சியிற் கற்பன

உயர்நிலைப் பயிற்சி கட்டளையிலிருந்து தொடங்குவதில்லை, இலக்கணத்திலிருந்து தொடங்குகின்றது. சேவை என்பது எவ்வெவ் உறுப்புக்களையுடையது என்பதை முதலில் யாங் மொழியில் வரையறுத்தல் வேண்டும். கிளையின் பெயர் ஒன்று, கருவி ஒன்று, வீலான் எண் ஒன்று, அது 1-க்குக் குறையாமலும் 4094-க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும், வேகம் இன்னின்ன அளவுகளுள் ஒன்றாதல் வேண்டும், குறித்த கருவி உண்மையில் வலையமைப்பில் உள்ளதாதல் வேண்டும் என்றிவ்வாறு விதிகள் அமையும். புணர்ச்சிவிதி கற்றவனுக்கு இது புதியதன்று. விதி ஒன்று, அதன்வழிப் பிறக்கும் சொற்கள் எண்ணில. விதிக்கு மாறாக எழுதப்பட்ட வேண்டுகோள் எதுவும் கருவியைச் சென்று தீண்டுமுன்னரே தடுக்கப்படும்.

அடுத்தது வார்ப்புரு. ரௌட்டரில் எழுத வேண்டிய அமைவை எழுதி, கிளைதோறும் மாறும் இடங்களை மட்டும் வெறுமையாக விட்டுவைப்பதே வார்ப்புருவாகும். வெறுமையான இடங்களை நிரப்பும் மதிப்புக்களைக் கணித்துத் தருவது பைத்தானின் வேலை. இங்குப் பைத்தானில் எழுதுவது உருவாக்கும் செயலொன்றே. அச்செயலின் கையில் இரு முதன்மையான பொருள்களை மென்பொருள் தருகின்றது. ஒன்று, வலையமைப்பின் அமைவு முழுவதையும் வேரும் கிளையுமாகக் காட்டும் மரம். மற்றொன்று, வாடிக்கையாளர் கேட்ட அச்சேவை. சேவையைப் பார்த்து, மரத்தில் வேண்டிய இலைகளைப் பொருத்துதலே நிரலின் கடமை.

நீக்குதற்கும் மாற்றுதற்கும் நிரல் எங்கே எனின், அதனை எழுத வேண்டுவதில்லை. உருவாக்கும் நிரல் யாது செய்தது என்பதையும், அதனை மீட்டற்கு யாது செய்தல் வேண்டும் என்பதையும் மென்பொருள் தானே குறித்து வைத்துக்கொள்கின்றது. வேகத்தை இருமடங்காக்குக என்று வங்கி கேட்டால், மென்பொருள் தன் நினைவகத்துள் முதலில் பழைய செயலை மீட்டு, புதிய மதிப்போடு உருவாக்கும் நிரலை மீண்டும் ஓட்டி, முன்னைய விளைவையும் பின்னைய விளைவையும் ஒப்பிட்டு, வேறுபட்ட அந்த ஒரு வரியை மட்டுமே கருவிக்கு அனுப்பும். கருவி அறிவது அவ்வொரு மாற்றமே. கிளையின் தொடர்பு அறுவதில்லை. பாஸ்ட்மேப் என்று இம்முறைக்குப் பெயர்.

இங்கே கற்போன் வழுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. ஒரே வேண்டுகோளுக்கு உருவாக்கும் நிரல் என்றும் ஒரே விளைவையே தருதல் வேண்டும். வீலான் எண்ணைப் பொறியாளர் குறிக்காது, வழங்காத எண்களுள் சிறியதனை எடுத்துக்கொள்க என்று நிரலில் எழுதிவிட்டோமாயின் என்னாகும்? முதற் கிளைக்கு 101-உம், இரண்டாம் கிளைக்கு 102-உம் கிடைக்கும். சின்னாளில் முதற் கிளை மூடப்படுகின்றது. பின்னர் இரண்டாம் கிளையின் வேகத்தை மாற்றுமாறு கேட்கின்றனர். நிரல் மீண்டும் ஓடும்; 101 வறிதே கிடத்தலைக் காணும்; 102-ஐ விட்டு அதனை எடுத்துக்கொள்ளும். வேகத்தை மாற்றுமாறு கேட்ட கிளைக்கு இணைப்பே அறும்! ஆதலின் எண் வழங்குதலைத் தனியொரு பகுதியிடம் ஒப்புவித்து, வழங்கிய எண்ணை அது மறவாது காக்குமாறு செய்தல் வேண்டும். எண் கிடைக்கும்வரை நிரல் பொறுத்திருந்து, கிடைத்தபின் மீண்டும் ஓடித் தன் பணியை முடிக்கும்.

ஒரே நேரத்தில் முடியாத சேவைகளும் உள. மென்பொருளாலாகிய ரௌட்டர் ஒன்றைப் புதிதாக எழுப்பி, அது விழித்தெழுந்தபின்னரே அதனுள் அமைவை எழுதல் கூடும். இத்தகையவற்றைப் படிப்படியாகப் பகுத்து, ஒரு படி முற்றிய பின்னரே அடுத்த படி தொடங்குமாறு வகுத்தலையும் இப்பயிற்சி கற்பிக்கின்றது. நானோ சேவை என்பது அதன் பெயர்.

ஒத்திகையும் மீட்சியும்

இவ்வாறு ஆக்கிய மாற்றத்தைக் கருவிகளில் உடனே எழுதிவிடுதல் ஆகாது. முதலில், மென்பொருள் தன்னிடம் வைத்துள்ள படியும் கருவியிலுள்ள உண்மை அமைவும் ஒத்துள்ளனவா என்று வினவுதல் வேண்டும். எவரேனும் நள்ளிரவில் கருவியுட் புகுந்து கையால் ஒரு வரி மாற்றியிருப்பின் அது வெளிப்படும். அடுத்து ஒத்திகை. எழுதப்போகும் வரிகளையெல்லாம் எழுதாமலே காட்டுக என்று கேட்டால், சேரும் வரிக்கு முன் கூட்டற்குறியும், நீங்கும் வரிக்கு முன் கழித்தற்குறியும் இட்டு மென்பொருள் காட்டும். இதுவே நம் அச்சுப்படி. அதன்பின் எழுதுமிடத்தும், ஒரு கருவி மறுக்குமாயின் ஏனைய கருவிகளும் பழைய நிலைக்கு மீட்கப்படும். எழுதி முடிந்த பின்னரும், முன்னிலைக்குத் திரும்புதற்குரிய மீட்சிக்குறிப்பு ஒன்று சேமித்து வைக்கப்பட்டிருக்கும்.

இவற்றின் அருமையை யான் உணர்ந்தது என் பிழையாலேயாம். உண்மைக் கருவிகளைத் தொடாது பழகுதற்பொருட்டு, ஒரு கணினிக்குள்ளேயே பொய்க் கருவிகளை இயக்கும் வசதி இப்பயிற்சியில் உண்டு. அவ்வாறியங்கிய ரௌட்டர் ஒன்றில் மூன்று கிளைகளை அண்ணன் அமைத்து வைத்திருந்தார். நான்காம் கிளைக்குரிய வார்ப்புருவை எழுதும் வேலையை என்னிடம் தந்தார். எழுதினேன், ஒத்திகையும் பார்த்தேன். கூட்டற்குறியிட்ட பன்னிரண்டு வரிகளும் நான் கருதியவாறே நின்றன. மகிழ்ச்சி மிகுந்து, எழுதுக என்னும் கட்டளையை இடக் கைநீட்டினேன்.

அண்ணன் என் கையைப் பற்றினார். "தம்பி, வருவதை எண்ணினாய், போவதை எண்ணினாயா?" என்றார்.

அப்பொழுதுதான் திரையின் அடியில் கழித்தற்குறியிட்ட மூன்று வரிகள் கிடந்தமை என் கண்ணிற் பட்டது. முதல் மூன்று கிளைகளின் போக்குவரவை வடிகட்டியில் அனுமதிக்கும் வரிகள் அவை. உள்ளதனோடு சேர்க்க என்று நிற்க வேண்டிய இடத்தில், உள்ளதை நீக்கி இதனை வைக்க என்னும் குறியை வார்ப்புருவில் இட்டிருந்தேன். கட்டளை சென்றிருப்பின், நான்காம் கிளை பிறக்கும் அந்நொடியிலேயே மூன்று கிளைகள் வாய்மூடியிருக்கும். பொய்க் கருவிகளாதலின் எவர்க்கும் இழப்பில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பயிற்சியில் யான் கற்ற பெரும்பாடம் எதுவெனின், அம்மூன்று வரிகளே என்பேன்.

உலகங் கண்ட இரு நிகழ்ச்சிகள்

எனக்கு வாய்த்தது போன்ற கைப்பிடிப்பு எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. 2021-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள், பேஸ்புக் நிறுவனத்தில் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் தரவு நிலையங்களை உலகெங்கும் இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை அறியும்பொருட்டு ஒரு கட்டளை இடப்பட்டது. அஃது எதிர்பாராத வகையில் அம்முதுகெலும்பின் இணைப்புக்கள் அனைத்தையும் அறுத்துவிட்டது. அத்தகைய கட்டளைகளைத் தணிக்கை செய்து தடுத்தற்கென்றே ஒரு கருவி இருந்தது. அத்தணிக்கைக் கருவியிலேயே பிழை இருந்தமையால், கட்டளை தடுக்கப்படாது சென்றது. பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகத்தார்க்கு எட்டாதொழிந்தன. பழுது பார்ப்போர் வழக்கமாகப் பயன்படுத்தும் கருவிகள் பலவும் அதே வலையமைப்பைச் சார்ந்திருந்தமையால், மீட்சியும் காலந்தாழ்த்தது.

2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் கனடா நாட்டில் ரோஜர்ஸ் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதனினும் வருந்தத்தக்கது. ஏழு கட்டங்களாக வகுக்கப்பட்ட ஒரு மாற்றத்தின் ஆறாம் கட்டத்தில், ரௌட்டர்களிலிருந்த ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. அது தடுத்து நிறுத்தியிருந்த வழிக்குறிப்புக்கள் வெள்ளம்போற் பாய்ந்து நடு ரௌட்டர்களைச் செயலறச் செய்தன. 1.2 கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தனர். இடருற்றோர் அழைக்கும் 911 என்னும் எண்ணையும் பலரால் அழைக்க முடியவில்லை. சேவை மீளுதற்கு ஏறத்தாழ 26 மணி நேரம் சென்றது. இதிற் கருதத்தக்கது ஒன்றுண்டு. அம்மாற்றம் தொடங்கியபோது அதன் இடர் மிகுதி என்றே மதிப்பிடப்பட்டிருந்தது. முந்திய கட்டங்கள் நன்கு முடிந்தமையால், மதிப்பிடும் முறை ஆறாம் கட்டத்தின் இடரைக் குறைவு என்று கணித்தது. ஐந்துமுறை பிழையாமை ஆறாம் முறைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஆயின் அந்த ஆறாம் கட்டத்தில் நீக்கப்பட்டது முன்னர் நீக்கப்படாத வடிகட்டியன்றோ!

இவை பைத்தானின் குற்றமுமல்ல, தானியக்கத்தின் குற்றமுமல்ல. பலவற்றை ஒருங்கே மாற்றும் ஆற்றல் கைவந்த பின், பார்த்துத் திருத்தும் பொறுப்பும் அதே அளவிற் பெருகுகின்றது என்பதே இவற்றால் அறியக்கிடக்கின்றது. கழித்தற்குறிகளை எண்ணிய பின்னன்றி எழுதாதே. முன்னைய வெற்றியைக் காவலென்று கொள்ளாதே. ஒத்திகை காட்டும் கருவியையும் இடையிடையே சோதித்துப் பார். மீளும் வழி, பழுதுறக்கூடிய வழியின் வாயிலாகவே செல்லாதவாறு முன்னரே அமைத்துவை. உயர்நிலைப் பயிற்சியின் சாரம் இவ்வளவே எனலாம். மாதிரியும் வார்ப்புருவும் பைத்தானும் இவற்றைச் செய்தற்கு வாய்த்த கருவிகளாம்.

முடிவுரை

நம் கல்லூரி நண்பர்களுள் பலர் இத்துறையிற் புகுவர். அவர்கள் பைத்தானை விரைவிற் கற்றுக்கொள்வர் என்பதில் ஐயமில்லை. அவர்கட்கு இத்தமிழ் மாணவன் கூறத்தக்கது ஒன்றே. நாற்பது கருவிகளை ஒரு நொடியில் மாற்றுவதைக் கண்டு வியவற்க. மாற்றுமுன் ஒரு நிமிடம் நின்று படிப்பதை வழக்கமாக்கிக் கொள்க. உங்கள் திரையில் கழித்தற்குறியோடு நிற்கும் ஒரு வரி, எங்கோ ஒரு மருத்துவமனையின் தொலைபேசியாகவோ, ஒரு சிற்றூர்க் கிளையில் ஓய்வூதியம் பெற வரிசையில் நிற்கும் முதியவரின் பணமாகவோ இருத்தல் கூடும்.

இக்கட்டுரையின் அச்சுப்படி என் கைக்கு வரும்போது, வழக்கமாக விடுபட்ட எழுத்துக்களையே தேடும் யான், இம்முறை விடுபட்ட வரிகளையும் எண்ணிப் பார்ப்பேன்.